சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் சுக்குமல்லி காபி விற்கும் ஆராயிக்கு, சனங்கள் எப்போதும் வலது கைப் பக்கமிருந்து வருவார்கள், இடது கைப் பக்கமாகப் போவார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். மலையை வலப்புறம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். அதிலும் மலையை ஒட்டிய ஓரத்தில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறார்கள் என்பதால், மனிதர்கள் பாதையின் இடது ஓரமாகவே போக வேண்டும். இதை முதலில் யார் சொன்னாரோ, அவர் கடைக்காரர்களுக்கு வேண்டப்பட்டவராக இருந்திருக்க வேண்டும். அவள் கடை அந்த ஓரத்தில்தான் மலையைப் பார்த்தபடி இருக்கிறது. பக்தர்கள் கடையை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் மூன்று மூங்கில் கால், பின்னால் மூன்று, மேலே தார்ப்பாய். வலது கோடியிலிருந்து இடது கோடிவரை பதினாறு அடி. இடது கோடிக் காலை ஒட்டி ஒரு புங்க மரம். நடுக்காலில் ஓர் இரும்புக் கொக்கி. கரண்டியும் வடிகட்டியும் அதில்தான் தொங்கும். அவள் புருஷன் அர்ஜுனன் அடித்துக் கொடுத்த கொக்கி அது. அவன் போய்ச்சேர்ந்து பத்து வருடமாகிறது. மகன் கோபி ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அதற்குள் அவனும் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். 'வந்து இங்கயே இரும்மா' என்று போனில் கூப்பிடுவான். எங்கே இருப்பது என்று அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆகவே ஆராயிக்குச் சோறும் மானமும் பேச்சுத்துணையும் இந்தப் பதினாறு அடிதான். இது போனால் ஒரகடத்தில் யாரோ ஒருவர் காலை மடக்கித்தான் அவளுக்குப் படுக்க இடம் கொடுக்க வேண்டும்.

போன ஆனி மாதம் ஒரு காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தவளின் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையின் வலது பாதிக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உடனே கொண்டுவந்ததால் பிழைத்தாள். ஒரு மாதத்தில் கால் வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். இடது கைக்கும் பாதி தெம்பு திரும்பியது. ஐம்பத்து மூன்று வயசு உடம்பு, உழைத்த உடம்பு, தேறிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

தேறாத ஒன்று இருந்தது. அது யாருக்கும் முதலில் புரியவில்லை, ஆராயிக்கோ ரொம்ப நாள்வரை புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தட்டில் நாலு இட்லி வைத்தார்கள். வலது பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "இன்னாடி இது, ரெண்டே இட்லி குடுக்கறாங்க, வயிறு ரொம்புமா?" என்று கூட இருந்த தங்கை பச்சையம்மாவிடம் கோபித்துக்கொண்டாள். பச்சையம்மா தட்டைத் திருப்பி வைத்தாள். "இத மொதல்லியே வெச்சிருந்தா இன்னா?" என்று மிச்சம் இரண்டையும் தின்றாள். தலை வாரினால் வலது பக்கம் மட்டும் படிந்திருக்கும். கம்மலை வலது காதில் போட்டுக்கொண்டு வேலை முடிந்த மாதிரி கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவாள். இடது பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவாள். உனக்கு இடது பக்கம் தெரியவில்லை என்று சொன்னால் சிரிப்பாள். தெரியாதது தெரியவில்லை என்பது ஒரு மனுஷிக்கு எப்படித் தெரியும்?

பயிற்சி கொடுக்க வந்தவள் ஆர்த்தி. இருபத்தாறு வயசுப் பெண், போளூர்ப் பக்கம். அவள்தான் பொறுமையாக விளங்கவைத்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதும்மா. மூளைக்குள்ள ரெண்டு வாட்ச்மேன் இருக்காங்கனு வெச்சுக்குங்க. இடது மூளையில இருக்கறவரு வலது பக்கத்து கேட்ட மட்டும் பாப்பாரு. வலது மூளையில இருக்கறவரு கெட்டிக்காரரு, ரெண்டு கேட்டையும் அவரே பாப்பாரு. இப்ப அந்த கெட்டிக்காரருக்குத்தான் அடிபட்டிருக்குது. வலது கேட்டுக்கு இன்னொருத்தரு இருக்காரு, பரவால்ல. இடது கேட்டுக்கு ஆளே இல்ல."

"வேற ஆளப் போட முடியாதா?" என்றாள் ஆராயி. கடைக்காரி அல்லவா, ஆள் போடுவதைப் பற்றித்தான் அவளுக்கு யோசனை.

"போடலாம். செத்துப்போன எடம் திரும்பி வராது. ஆனா அதச் சுத்தி இருக்கற எடங்க அந்த வேலையக் கத்துக்கும். ஒரு தடவ சொன்னா கத்துக்காது. தெனமும் சொல்லணும், நூறு தடவ சொல்லணும். நீங்க வேணும்னே தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினே இருந்தீங்கன்னா, ஒரு நாளு நீங்க நெனைக்காமலே தலை தானா இடது பக்கம் திரும்பும். அன்னிக்கு நீங்க பாஸ்."

ஒரு தாளைக் கொடுத்துக் கடையை வரையச் சொன்னாள். ஆராயி வலது கோடிக் காலை வரைந்தாள், அடுப்பை வரைந்தாள், தன் நாற்காலியை வரைந்தாள். தாளின் இடது பாதி வெள்ளையாகக் கிடந்தது. "அவ்ளோதான் கடை" என்று பென்சிலை வைத்தாள். ஆர்த்தி அதில் தேதி போட்டு வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு முழம் சிவப்புத் துணியைப் பச்சையம்மாவிடம் கொடுத்தாள். கடையின் இடது கோடியில் இதைக் கட்ட வேண்டும், ஆராயியை உட்காரவைத்து, சிவப்பு கண்ணில் படுகிறவரை தலையைத் திருப்பிக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். சிவப்பு தெரிந்தால்தான் இடது பக்கம் முடிந்தது என்று அர்த்தம். "கூட இருக்கறவங்கதான் இதுல முக்கியம். நீங்கதான் அவங்களுக்கு இப்ப இடது கேட்டு வாட்ச்மேன்" என்றாள் பச்சையம்மாவிடம். பச்சையம்மா துணியை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது, ஆராயிக்கு இருபது. தலைக்குப் பேன் பார்த்தது முதல் வயசுக்கு வந்தபோது புட்டு சுற்றியது வரை ஆராயிதான். கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். மாப்பிள்ளைக்கு மணிலாக்கொட்டை விளைகிற கொஞ்சம் நிலமும் நிறையச் சோம்பலும் இருந்தன. வருடம் போகப்போக நிலம் குறைந்தது, சோம்பல் குறையவில்லை. மகள் ஓவியா நர்சிங் படிக்கிறாள். அக்கா விழுந்துவிட்டாள் என்று போன் போனதும் முதல் பஸ்ஸில் வந்தவள் பச்சையம்மா. மலம் மூத்திரம் அள்ளினாள். இதை மறைத்தால் பாவம். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தரையில் படுத்தாள். கோபி வந்து பார்த்து, "சித்தி இல்லன்னா அம்மா இல்ல" என்று அழுதுவிட்டுப் போனான்.

ஆடி முடிந்து கடையைத் திறந்தார்கள். பச்சையம்மா துணியைப் புங்க மரத்தில் கட்டினாள். வலது பாதியில் ஆராயிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சின்ன அடுப்பு. இடது பாதியைத் தங்கை பார்த்துக்கொண்டாள். தினமும் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் பச்சையம்மா எதிரே குந்திக்கொள்வாள்.

"திருப்புக்கா. இன்னும். இன்னும் கொஞ்சம். சிவப்பு தெரியுதா?"

"இல்லடி."

"இன்னும் திருப்பு. இப்ப?"

"ஆங். தெரியுது."

முதல் வாரம் கழுத்து வலித்தது. வேண்டுமென்றே ஒரு பக்கம் திரும்புவது, அதுவும் அங்கே ஒன்றும் இல்லை என்று மூளையே சத்தியம் செய்யும்போது திரும்புவது, லேசான வேலை இல்லை. ஆனாலும் ஆராயி விடவில்லை. புரட்டாசியில் ஒரு நாள், சிவப்பு தெரிந்ததோடு நிற்காமல் அது கட்டியிருந்த மரமும் தெரிந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் தன்னுடைய பித்தளை பாய்லர் தெரிந்தது. "ஏ பச்சை, நம்ம பாய்லர்டி" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாள். பச்சையம்மா வந்து அக்காவின் கன்னத்தைத் தடவி விரலை நெட்டி முறித்தாள்.

ஐப்பசியில் ஒரு வேடிக்கை நடந்தது. திருவண்ணாமலையில் ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டினால் அது எத்தனை நாள் வெறும் மரமாக இருக்கும்? யாரோ ஓர் அம்மா சுற்றி வரும்போது மரத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அடுத்தவள் எலுமிச்சம்பழம் வைத்தாள். பௌர்ணமிக்கு முன்பே கற்பூரம் எரிந்தது. இரண்டு பேர் ஆராயியிடமே வந்து, இது என்ன அம்மன், எந்தக் கிழமை விசேஷம் என்று விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்காரப் பெண் கொடுத்த துணி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நமக்கு உடம்பு தேற்றின மரம்தானே, கும்பிட்டால் கும்பிடட்டும் என்று விட்டுவிட்டாள்.

பச்சையம்மாதான் ஒரு நாள் வந்து சொன்னாள். "மரத்தாண்ட கும்பல் சேர்ந்துக்கினு வழிய மறைக்குதுக்கா. துணிய அவுத்துக் கோடிக் கால்ல கட்டிட்டேன். மரத்துக்கும் காலுக்கும் ஒரு சாண்தானே."

"மரம் தெரியலியே?"

"துணிக்குப் பின்னாலதான் கீது. நீ மரத்தப் பாக்காத, சிவப்பப் பாரு. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு? சிவப்பு தெரிஞ்சா முடிஞ்சுது."

அதுவும் சரிதான். மறுநாளிலிருந்து சிவப்பு சீக்கிரமாகவே தெரிந்தது. அவ்வளவு கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. தேறிவிட்டோம் என்று ஆராயி சந்தோஷப்பட்டாள். பாய்லரைக் காணோமே என்று கேட்டதற்கு, அடி ஓட்டையாகிவிட்டது, பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றாள் பச்சையம்மா. மார்கழியில் ஒரு நாள் ஆர்த்தி ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான், ஆனா ஏனோ ஒரே எடத்துல நின்னுபோச்சு. வீட்டுல பயிற்சி நடக்குதுல்ல?" என்று கேட்டாள். "தெனமும்" என்றார்கள் அக்காவும் தங்கையும். இருவர் சொன்னதும் உண்மை.

இதற்கிடையில் ஆராயியை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. வலது பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள், அவளைப் பார்ப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், நிற்காமல் போய்விடுவார்கள். வருஷக்கணக்காக வாடிக்கையாகக் குடித்தவர்கள் கூட. முக்கியமாக நசீருதீன் பாய். தேரடித் தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி இந்தப் பக்கம் காலையில் நடக்க வருவார். வெல்லம் போடாத சுக்குத் தண்ணி ஒரு டம்ளர், கூடவே ஐந்து நிமிஷம் நாட்டு நடப்பு. பதினைந்து வருஷப் பழக்கம். அவரும் இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார்.

"என்ன செஞ்சேன்டி நானு?" என்று தங்கையிடம் கேட்டாள்.

பச்சையம்மா டம்ளர் கழுவிக்கொண்டே, "சீக்காளி கையால வாங்கிக் குடிக்க யோசிக்கறாங்க போலக்கா. வாயத் தொறந்து சொல்லுவாங்களா? விடு, ஊரு உலகம் அப்படித்தான்" என்றாள்.

ஆராயி அன்றைக்கு முழுக்கத் தன் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. கிரிவலம் வருகிற ஆயிரம் பேருக்கு முன்னால், குற்றவாளி மாதிரி ஒரு கையை ஒளித்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். இதை நினைத்தால்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வயிறு எரிகிறது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சுக்கும் மல்லியும் வாங்கப் பச்சையம்மா டவுனுக்குப் போயிருந்தாள். காலை வெயில் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. நசீருதீன் பாய் வலது பக்கமிருந்து வந்தார். வழக்கம்போலத் தலையாட்டினார், நாலு எட்டு வைத்தார், திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி இல்லியாம்மா இன்னிக்கு?"

ஆராயிக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "ஏன் பாய், அவ இருந்தாத்தான் நிப்பீங்களா? என் கை விளங்காம போச்சுனு நீங்ககூட குடிக்காம போறீங்க. பதினஞ்சு வருசம் குடிச்ச கைதானே இது?"

நசீருதீன் திகைத்துப் போனார். "இன்னாம்மா சொல்றீங்க? நான் தெனமும் உங்க கடையிலதானே குடிச்சிக்கினு இருக்கேன். அக்காகிட்ட பேசக் கூடாது, தலைக்கு ஜாஸ்தி ஆயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, நீங்க இந்தப் பக்கம் வாங்கனு உங்க தங்கச்சிதான் எல்லாரையும் கூப்பிடுது. நானும் அல்லா புண்ணியத்துல உங்களுக்கு நோவு சீக்கிரம் கம்மியாகட்டும்னு பேசாம போறேன்."

"இந்தப் பக்கம்னா எங்க?"

"மரத்தாண்ட. புது கடையில. போர்டுகூட மாட்டியிருக்குதே."

ஆராயி தலையை இடது பக்கம் திருப்பினாள். தினமும் நூறு தடவை செய்தது போலத் திருப்பினாள். சிவப்பு தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள். "சிவப்பு வரைக்கும் ஒண்ணும் இல்லியே பாய்" என்றாள்.

நசீருதீன் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும்.

ஆராயி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு சிவப்புத் துணி கட்டிய மூங்கிலிடம் போனாள். கோடிக் கால் என்றால் பக்கத்தில் மரம் இருக்க வேண்டும். வலது கையைத் துணிமேல் வைத்தாள். துணிக்கு அடியில் எதுவோ தடித்தது. அமுக்கினாள். இரும்பு. விரலால் அதன் வளைவைத் தடவினாள். இருபத்திரண்டு வருடம் பார்க்காமலே கரண்டி எடுத்த கொக்கியை அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது கோடிக் கால் இல்லை. நடுக்கால். கொக்கி தெரியாதபடி அதன்மேலேயே நாலு சுற்றுச் சுற்றித் துணியைக் கட்டியிருக்கிறாள்.

சிவப்புக்கு அந்தப் பக்கம் திரும்புவதற்கு ஆராயிக்கு ஒரு யுகம் ஆயிற்று. அங்கே ஒன்றும் இல்லை என்று மூளை சொன்னது. இருக்கிறது என்று கை சொன்னது. தலையைக் கையால் பிடித்துத் தள்ளுவது போலத் திருப்பினாள். முதலில் பித்தளை பாய்லர் வந்தது. அடி ஓட்டை ஒன்றும் இல்லை, பளபளவென்று தேய்த்திருந்தது. அப்புறம் அவளுடைய பெஞ்சு, அவளுடைய டம்ளர் கூடை. மேலே புதுத் தார்ப்பாய். 'பச்சையம்மாள் சுக்குமல்லி காபி' என்று மஞ்சள் பலகை. அதற்கும் அப்பால் குங்குமம் அப்பிய புங்க மரம். எட்டு அடி. சரியாகப் பாதி. வலது பக்கமிருந்து வந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நசீருதீன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை. பச்சையம்மா வருகிறவரை அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து பையோடு இறங்கிய பச்சையம்மா, அக்கா நிற்கிற இடத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பொய் சொல்ல ஆரம்பிப்பாள் என்று ஆராயி எதிர்பார்த்தாள். அப்படி ஆரம்பித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எத்தினி மாசமா?" என்று ஆராயி கேட்டாள்.

"ஐப்பசியிலேர்ந்து."

"எனக்குத் தெரிய ஆரம்பிச்ச பின்னாடியா?"

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மொதல்ல நான் ஒண்ணும் நெனைக்கலக்கா. உனக்குத்தான் கடை நடத்தினேன். நீ அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. அப்பறம் நீ தேறிக்கினே வந்த. மரத்தப் பாத்துட்ட, பாய்லரப் பாத்துட்ட. முழுசா தேறிட்டா என்னப் போவச் சொல்லிடுவ. நான் எங்க போவேன்? ஓவியாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கீது."

"அதுக்கு என் கண்ணக் கட்டுவியா?"

"நீ பாக்காத பக்கம்தானேக்கா" என்றாள் பச்சையம்மா. திமிராகச் சொல்லவில்லை. நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்.

மீதியும் வந்தது. பாதையோரக் கடைகளை அளந்து, இடம் யாருக்கு என்று அட்டை கொடுக்கக் கார்த்திகையில் ஆட்கள் வந்தபோது ஆராயி ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தாள். நடுக்காலுக்கு இந்தப் பக்கம் அக்கா கடை, அந்தப் பக்கம் என் கடை என்று பச்சையம்மா காட்டியிருக்கிறாள். பலகை இருந்தது, பாய்லர் இருந்தது, அவள் நின்றிருந்தாள். வந்தவர்கள் கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டார்கள். பச்சையம்மா ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். அவள் படம், அவள் பெயர். ஆஸ்பத்திரியில் எந்த இடத்தில் சிவப்புத் துணியை மடித்து வைத்தாளோ அதே இடத்தில் இப்போது அட்டை இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றாள்.

கொடுத்திருப்பாளா? ஆராயிக்கே தெரியவில்லை. பாதி கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். இடத்தைக்கூட அவள் ஒரு மாதத்தில் மறந்துவிடுவாள். ஆனால் தினமும் காலையில் பச்சையம்மா எதிரே குந்திக்கொண்டு, 'சிவப்பு தெரியுதாக்கா?' என்று கேட்டாளே. தெரியுது என்று சொன்னதும் முகம் மலர்ந்தாளே. அக்கா தேறுகிறாள் என்று மலர்ந்த முகம் என்றல்லவா ஆராயி நினைத்திருந்தாள். பூட்டு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவளின் முகம் அது. இடது கேட்டுக்கு இரவலாக வந்த காவலாளியே வேலியை நடுவில் நகர்த்தி நட்டுவிட்டாள். போதாததற்கு, ஊர் அக்காவை அருவருக்கிறது என்று நம்பவைத்து, ஒரு நல்ல மனுஷரையும் சந்தேகப்பட வைத்தாள்.

"என் கை சீக்காளிக் கைனு சொன்னியே பச்சை" என்றாள் ஆராயி. வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். பௌர்ணமி இல்லாத நாள், பாதையில் கூட்டம் இல்லை. பச்சையம்மாவும் அழுதாள். யாருடைய அழுகைக்கு யார் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் நசீருதீன் பாய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் ஆராயி துணியின் முடிச்சை அவிழ்த்தாள். இடது கை ஒத்துழைக்காததால் நேரம் பிடித்தது. உதவிக்கு வந்த பச்சையம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். துணியை எடுத்துக்கொண்டு, தங்கையின் பெஞ்சைத் தாண்டி, தன் பாய்லரைத் தாண்டி, புங்க மரத்தில் கட்டினாள். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை இடது பக்கம் திருப்பிச் சிவப்பு தெரிகிறவரை பார்த்தாள். அன்றைக்கு மட்டும் நூறு தடவைக்குமேல் பார்த்திருப்பாள். யாரும் எதிரே குந்தவில்லை.

அதன்பிறகு ஊர்க்காரர்கள் பேசினார்கள், கோபி வந்து சத்தம் போட்டான், அட்டையை எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று விசாரித்தான். ஆராயிதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. ஓவியாவின் படிப்பு நின்றால் அந்தப் பாவமும் தன் தலையில் விழும் என்று கணக்குப் போட்டாள், அவ்வளவுதான். பாய்லரை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள். எட்டு அடி அவளுக்கு, எட்டு அடி இவளுக்கு. நடுவில் கொக்கி. வருகிறவர்கள் வலது பக்கமிருந்து வருவதால் முதலில் ஆராயி கடைதான், அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. நசீருதீன் இப்போது அவளிடமே நின்று குடிக்கிறார், ஐந்து நிமிஷம் நாட்டு நடப்பும் உண்டு. இடது கையை அவள் முந்தானைக்குள் ஒளிப்பதில்லை. தங்கையோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பங்குனியில் ஆர்த்தி அவளைக் கடைசியாகச் சோதித்தாள். கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னாள், சரியாகக் குறித்தாள். தாளில் சிதறிக் கிடந்த நட்சத்திரங்களை எண்ணச் சொன்னாள், ஒன்று விடாமல் எண்ணினாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "கடைய வரைங்கம்மா" என்றாள்.

ஆராயி இடது கோடியிலிருந்து ஆரம்பித்தாள். மரம், மரத்தில் துணி, கோடிக் கால், ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பெண், நடுக்கால், கொக்கி, பாய்லர், நாற்காலி, வலது கோடிக் கால். ஆர்த்தி பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பாதி வெள்ளையாக இருந்ததும், ஓரம்வரை நிறைந்திருந்ததும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஆர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மார்கழியில நின்னுபோச்சுனு பயந்தேன். எவ்ளோ வந்துட்டீங்க பாருங்க. இந்த லேடி யாரு?"

"என் தங்கச்சி."

"அவங்களுக்குத்தான் பாதி கிரெடிட். இப்ப சொல்லுங்க, நீங்க நெனைக்காமலே தலை தானா இடது பக்கம் திரும்புதா?"

"திரும்புதும்மா" என்றாள் ஆராயி. "காபி ஆத்தறப்ப திரும்புது. சில்லறை எண்றப்ப திரும்புது. பாயோட பேசிக்கினே இருப்பேன், பேச்சு நடுவுல திரும்பிடுது. நான் வேணாம்னுதான் நெனைக்கறேன். அது கேக்கறதில்ல."

"அப்பன்னா நீங்க பாஸ்" என்று ஆர்த்தி சிரித்து, புது வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டார், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று சீட்டில் எழுதினாள்.

ஆராயி சீட்டை வாங்கி மடித்தாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆர்த்தியின் எதிரே மறுபடி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, திரும்பாம இருக்கறதுக்கு எதுனா பயிற்சி கீதா?" என்று கேட்டாள்.